பாட்டுப் பெட்டி பதில்கள்: முதலில் செட்டின் முதுகைப் பாருங்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே ஒப்பாரி. "செட்டு நல்லாத்தான் இருக்கு, ஸ்பீக்கர்தான் போச்சு." கிருஷ்ணகிரி ரவுண்டானா பக்கம் கடை போட்டு 30 வருடத்துக்கு மேல் ஆகிறது எனக்கு. வால்வு ரேடியோவின் கடைசிக் காலத்தில் ஆரம்பித்து டேப் ரெக்கார்டர், சிடி என்று எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்தாயிற்று. கேசட் பெல்ட்டுக்கு அடுத்தபடியாக முதலில் உயிரை விடுவது ஸ்பீக்கர்தான். அதனால் இந்த முறை முழுக்க அதே பேச்சு. வாஷிங் மெஷின் பற்றி எழுதியவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளவும்.

"2003-இல் வாங்கிய மினி சிஸ்டம். நடுவில் சிடி, கேசட், எஃப்எம். இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பெட்டி. இப்போது ஒரு பெட்டியில் கரகரப்பு. இன்னொன்றில் தபேலா வந்தால் படபடவென்று கிழிகிறது. மகன், 'தூக்கிப் போட்டுட்டு சவுண்ட் பார் வாங்குங்கப்பா' என்கிறான். மருமகன், காரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் இரண்டு சும்மா கிடக்கிறது, மாட்டித் தருகிறேன் என்கிறார். கடைக்காரர் 300 வாட்ஸ் பெட்டி காட்டுகிறார். 10-க்கு 12 அறையில் பழைய பாட்டு கேட்கிற எனக்கு எது சரி?"
- ஓய்வு பெற்ற ஆசிரியர், பாலக்கோடு

ஐயா, மூன்று பேரையும் கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார வையுங்கள். நீங்கள் செட்டைத் திருப்பி அதன் முதுகைப் பாருங்கள். ஸ்பீக்கர் ஒயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஓர் எண்ணும், குதிரை லாடம் போல ஒரு குறியும் இருக்கும். அதுதான் ஓம், மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் தடையின் அளவு. இந்த மாதிரி செட்டுகளில் பெரும்பாலும் 6 என்று போட்டிருக்கும்; சிலவற்றில் 4 அல்லது 8. புதிதாக எது வாங்கினாலும் அந்த எண்ணுக்குச் சமமாக இருக்கலாம், மேலே போகலாம். கீழே மட்டும் போகக் கூடாது. மற்றதெல்லாம் அவரவர் ருசி, இது மட்டும் சட்டம்.

ஏன் என்றால், ஓம் குறையக் குறைய மடை அகலமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். செட்டுக்குள் பாட்டைப் பெருக்குகிற ஆம்ப்ளிஃபயர் 12 வோல்ட் தள்ளுகிறது. 6 ஓம் பெட்டி 2 ஆம்பியர் இழுக்கும், 24 வாட் ஆயிற்று. அதே இடத்தில் 4 ஓம் மாட்டினால் 3 ஆம்பியர், 36 வாட். கேட்க நன்றாகத்தான் இருக்கும். சத்தம் கூடும், மருமகன் மீசையை முறுக்குவார். ஆனால் அந்தக் கூடுதல் 1 ஆம்பியரைக் கொடுக்க வேண்டிய ஐசி, அதாவது ஆம்ப்ளிஃபயர் சில்லு, உள்ளே உள்ளங்கை அகல அலுமினியத் தகட்டில் ஒட்டிக்கொண்டு வெந்துகொண்டிருக்கும். 8 ஓம் மாட்டினால் 1.5 ஆம்பியர், 18 வாட். சத்தம் 1 டெசிபலுக்குச் சற்று மேல் குறையும். வால்யூமை ஒரு நெல் அளவு திருகினால் சரியாகிவிடும்.

கார் ஸ்பீக்கர் பெரும்பாலும் 4 ஓம். இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். 1996-இல் காவேரிப்பட்டணம் பக்கம் ஒரு வீட்டில் நிச்சயதார்த்தம். மைக் செட் வைக்க அவர்களுக்கு மனமில்லை. "வீட்டு செட்லயே வாசல் வரைக்கும் கேக்குற மாதிரி பண்ணிக் குடுங்கண்ணா" என்றார்கள். செட்டோடு வந்த 6 ஓம் பெட்டிகளோடு பக்கத்துக்கு ஒன்றாக 4 ஓம் கார் ஸ்பீக்கரை இணைத்துவிட்டேன். இரண்டும் சேர்ந்தால் 2.4 ஓம் என்று கணக்குப் போட அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. மாப்பிள்ளை வீட்டார் வேனை விட்டு இறங்கும் நேரம் நாதஸ்வர கேசட் கம்பீரமாக ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த கால் மணியில் கூடத்தில் ஒரு வாசம். சமையல்காரர் அடுப்பைப் பார்க்க ஓடினார். நான் செட்டைப் பார்க்க ஓடினேன். ஐசி போனது மட்டுமில்லை, போகும்போது பேட்டரியில் வருவது போன்ற நேர் மின்சாரத்தை அப்படியே கீழ்ச்சுருதி ஸ்பீக்கரான ஊஃபருக்கு அனுப்பி, அதற்குள் நல்லாயிருந்த கம்பிச்சுருள் ஒன்றையும், அதாவது காயிலையும், எரித்துவிட்டுப் போயிற்று. இரண்டையும் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் தேடி என் கைக்காசில் வாங்கி மாட்டினேன். ஆகவே மருமகனுக்கு என் அன்பைச் சொல்லி, அந்த ஸ்பீக்கர்களை அவரிடமே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது பெட்டிக்கு வருவோம். முன்னால் இருக்கும் வலையை நகத்தால் நெம்பினால் கழன்று வரும். கோன் என்கிற கூம்பு வடிவத் தாளைச் சுற்றி ஒரு வளையம் இருக்கிறதே, அதை ஒரு விரலால் தொடுங்கள். புட்டு மாதிரி உதிர்ந்தாலோ, விரலில் பிசுபிசுவென்று கறுப்பாக ஒட்டினாலோ அது ஃபோம் வளையம், ஆயுசு முடிந்துவிட்டது. பாலியூரித்தேன் ஃபோம் காற்றில் இருக்கிற ஈரம் பட்டே வருடக்கணக்கில் சிதைந்துவிடும். பாட்டே போடாமல் பரணில் வைத்திருந்தாலும் அதே கதிதான். "ராசா மாதிரி வெச்சிருந்தேனே" என்று வருத்தப்படுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், உங்கள் மேல் குற்றமில்லை. ரப்பர் வளையமாக இருந்தால் நெடுநாள் உழைக்கும்.

தபேலாவுக்குக் கிழிகிற பெட்டியில் போயிருப்பது அநேகமாக இந்த ஃபோம் மட்டும்தான். ஸ்பீக்கரையே மாற்ற வேண்டாம். ஃபோம் வளையம் தனியாகவே கிடைக்கிறது. பழைய ஸ்பீக்கரைக் கையோடு எடுத்துப் போய், கோனின் விளிம்பையும் வெளிச்சட்டத்தையும் அளந்து வாங்க வேண்டும். '5 இஞ்ச் ஃபோம்' என்று வாயால் கேட்டு வாங்கினால் அரை விரல் தள்ளி உட்காரும். பழைய பசையைத் துளி மிச்சமில்லாமல் சுரண்டி எடுப்பதுதான் இதில் பாதி வேலை. ஒட்டும்போது கோன் நட்டநடுவில் நிற்கிறதா என்று அழுத்தி அழுத்திப் பார்த்து, ஓர் இரவு முழுக்கத் தொடாமல் காயவிட வேண்டும். அவசரப்பட்டு அன்று மாலையே பாட்டுப் போட்டவர்கள்தான் மறுபடி என் கடைக்கு வருகிறார்கள்.

கரகரக்கிற பெட்டிக்கு வேறு சோதனை. இரண்டு கட்டை விரல்களையும் கோனில் எதிரெதிராக வைத்து, பச்சைக் குழந்தையைத் தொடுவதுபோல உள்ளே அழுத்தி விடுங்கள். அரவமில்லாமல் போய் வந்தால் காயில் நலம். கரகரப்பு ஒயரிலோ, வால்யூம் திருகியிலோ இருக்கிறது. இடது ஒயரையும் வலது ஒயரையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள். கரகரப்பு அடுத்த பெட்டிக்குத் தாவினால் குற்றம் செட்டில். அதே பெட்டியில் நின்றால் பெட்டியிலோ அதன் ஒயரிலோ. அழுத்தும்போதே 'சரக் சரக்' என்று மணலைத் தேய்க்கிற மாதிரி கேட்டால், காயில் மேக்னெட்டில் உரசுகிறது. அப்படியானால் ஸ்பீக்கரை மாற்ற வேண்டியதுதான். ரீகாயில், அதாவது புதுக் காயில் போட்டுத் தருகிறவர்களும் உண்டு. கைராசி உள்ளவரிடம் கொடுத்தால் சரி, இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் மறுபடி மணல்.

ஓம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதையும் வைத்துப் பார்க்கலாம். 6 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் மீட்டரில் 5-க்கும் 5.5-க்கும் நடுவில் காட்டும். "6 போட்டிருக்கு, 5.2 தான் காட்டுது, ஏமாத்திட்டீங்க" என்று ஒருவர் என்னிடம் சண்டைக்கே வந்தார். மீட்டர் அளப்பது பேட்டரி மின்சாரத்தில். எழுதியிருக்கும் எண் பாட்டாக ஓடும் மின்சாரத்துக்கு. இரண்டும் ஒன்றாகவே இருக்காது. இன்னொன்று, பெட்டிக்கு வெளியே இருந்து அளந்தால் ஊஃபர் மட்டும்தான் தெரியும். மேல்சுருதி பாடும் குட்டி ஸ்பீக்கரான ட்வீட்டருக்கு முன்னால் ஒரு கப்பாசிட்டர் நின்று மீட்டரை மறித்துக்கொள்ளும்.

புது ஸ்பீக்கர் போடும்போது அந்தக் கப்பாசிட்டரைக் கழற்றி எறிந்துவிடாதீர்கள். கீழ்ச்சுருதியை நிறுத்திவிட்டு மேல்சுருதியை மட்டும் ட்வீட்டருக்கு விடுகிற வாயிற்காவலன் அது. 6 ஓம் ட்வீட்டருக்கு 4.7 மைக்ரோஃபாரட் போட்டிருந்தால், நொடிக்குச் சுமார் 5,600 அதிர்வுக்குக் கீழே இருப்பது போகப்போக மங்கிவிடும். அவன் இல்லையென்றால் மிருதங்கத்தின் முதல் தொப்பியடியிலேயே ட்வீட்டர் பலி.

ஸ்பீக்கரை ஜோடியாகவே மாற்றுங்கள். இடது பக்கம் புதிது, வலது பக்கம் பழசு என்றால் பாடகி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று பாடுவார். திருகு ஓட்டைக்குத் திருகு ஓட்டை, பலகையில் வெட்டிய வட்டம், பெட்டியின் ஆழம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள். மேக்னெட்டைக் கையில் தூக்கிப் பார்த்து "கனமா இருக்கு" என்று மட்டும் முடிவு செய்ய வேண்டாம்; அது பூசணிக்காய் வாங்கும் முறை. பெங்களூர் போய்த்தான் வாங்குவதென்றால் உங்களுக்குப் பாலக்கோட்டிலேயே ரயில் இருக்கிறது. எங்கள் கிருஷ்ணகிரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பழைய ஸ்பீக்கரைத் துணிப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு போங்கள். கோனில் எதுவும் குத்தாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

300 வாட் பெட்டி? அது பெட்டி தாங்குகிற அளவு, உங்கள் செட்டு தருகிற அளவு இல்லை. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். செட்டின் முதுகிலேயே எத்தனை வாட் மின்சாரம் இழுக்கும் என்று இன்னொரு எண் இருக்கும். அங்கே 60 என்று இருந்தால், அந்த 60-க்குள்தான் சிடி சுழல வேண்டும், விளக்கு எரிய வேண்டும், டிரான்ஸ்ஃபார்மர் சூடாக வேண்டும், மிச்சம்தான் பாட்டு. அட்டைப் பெட்டியில் '2000 வாட்ஸ் பிஎம்பிஓ' என்று ஸ்டார் போட்டு ஒட்டியிருந்தார்களே, அதை யாரும் எந்தக் காலத்திலும் காதால் கேட்டதில்லை. ஆர்எம்எஸ், அதாவது செட்டு தொடர்ந்து தரும் வாட், என்று எழுதியிருப்பதை மட்டும் நம்புங்கள். எருது விடும் விழாவுக்கு ஊரே கேட்க வேண்டுமென்றால் வேறு பேச்சு. 10-க்கு 12 அறையில் பழைய பாட்டுக்கு நிஜமான 5 வாட் கூடத் தாராளம்.

மகன் சொல்லும் சவுண்ட் பார் டிவிக்கு நல்லதுதான். ஆனால் கேசட் போட முடியாது.

"அண்ணா, என்னோடது சின்ன மைக்ரோ சிஸ்டம், பக்கத்துக்கு 20 வாட்ஸ். பழைய பெட்டி பிடிக்காமல், நல்ல கம்பெனி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் வாங்கினேன். 8 ஓம், 100 வாட்ஸ் வரை தாங்கும். மாட்டினால் பழசைவிடச் சத்தம் குறைவு. வால்யூமை முக்கால்வாசி வைத்தால் பிளிறுகிறது. ஏமாந்துவிட்டேனா?"
- வாசகி, ஓசூர்

ஏமாறவில்லை தங்கச்சி. ஒரு எண்ணைப் பார்க்காமல் விட்டுவிட்டாய், அவ்வளவுதான். ஸ்பீக்கரோடு வந்த காகிதத்தில் 'சென்சிடிவிட்டி' என்று ஒரு வரி இருக்கும்: 84 டெசிபல், 87 டெசிபல் என்று. 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தள்ளி நின்றால் எவ்வளவு சத்தம் என்பதுதான் அது. பக்கத்துக்கு 20 வாட் மட்டும் வைத்திருக்கிறவர்கள் ஓமுக்கு அடுத்து பார்க்க வேண்டியது இதைத்தான். வாட் எண்ணைவிட இது முக்கியம்.

3 டெசிபல் கூடினால் பாதி மின்சாரத்தில் அதே சத்தம் வரும். 90 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்டில் போடுகிற சத்தத்தை 84 டெசிபல் ஸ்பீக்கரிடம் வாங்க 80 வாட் வேண்டும். உன் செட்டில் அது இல்லை. இல்லாததை வால்யூமைத் திருகி வாங்கப் பார்த்தால், அலையின் தலையும் காலும் வெட்டுப்பட்டுச் சப்பையாகி வெளியே வரும். அதுதான் நீ கேட்கிற பிளிறல். அப்படி வெட்டுப்பட்ட பாட்டில் மேல்சுருதிச் சக்தி அதிகம், அது நேரே ட்வீட்டரைத்தான் சுடும். பெரிய ஆம்ப்ளிஃபயர் எரித்த ட்வீட்டரைவிட, சின்ன ஆம்ப்ளிஃபயரைக் கதறவிட்டு எரித்த ட்வீட்டர்தான் என் மேசைக்கு அதிகம் வருகிறது. பிளிற ஆரம்பிக்கும் இடத்தில் வால்யூம் திருகியில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துக்கொள். அதற்கு மேல் போகாதே.

திருப்பிக் கொடுக்க முடிந்தால் 88, 90 என்று இருப்பதாக மாற்றிக்கொள். முடியாவிட்டால் பெட்டிகளைச் சுவரை ஒட்டி நகர்த்து, நீயும் கிட்டே உட்கார்; அதற்கு ஒரு பைசா செலவில்லை. கீழ்ச்சுருதியைக் கூட்டுகிற 'பாஸ் பூஸ்ட்' பொத்தானை அணைத்துவிடு. சின்ன செட்டுகளில் அந்தப் பொத்தானை அதோடு வருகிற குட்டிப் பெட்டிக்கு அளவெடுத்துத் தைத்திருப்பார்கள்; வேறு பெட்டியில் போட்டால் தொளதொளவென்று இருக்கும், இருக்கிற 20 வாட்டையும் அதுவே தின்றுவிடும். ஒரு வாரம் அப்படிக் கேட்டுவிட்டுப் பழைய பெட்டியை மறுபடி மாட்டிப் பார். பழசு பானைக்குள் தலையை விட்டுப் பாடுவது அப்போதுதான் தெரியும்.

"என் செட்டில் ஸ்பீக்கருக்கு ஒயர் சொருகும் ஓட்டையே இல்லை. பக்கத்துக்கு ஒரு வெள்ளை பிளக், அதில் 4 ஒயர். கடையில் விற்கும் பெட்டியெல்லாம் 2 ஒயர்தான். பிளக்கை வெட்டிவிட்டு இரண்டிரண்டாக முறுக்கி மாட்டலாமா?"
- வாசகர், அரூர்

வேண்டாம் தம்பி, கத்தரிக்கோலைக் கீழே வை. அந்த 4 ஒயரில் பெரும்பாலும் 2 ஊஃபருக்கு, 2 ட்வீட்டருக்கு. செட்டுக்குள்ளேயே இரண்டுக்கும் தனித்தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பார்கள். அவற்றை முறுக்கி ஒன்றாக்கினால் ஒரு ஆம்ப்ளிஃபயர் இன்னொன்றின் வாயிலேயே கத்தும். இரண்டில் ஒரு ஆம்ப்ளிஃபயர் சாகும். சில செட்டில் கீழ்ச்சுருதி, மேல்சுருதியை உள்ளேயே பிரித்துத்தான் அனுப்புவார்கள். அதனால் அந்த மாதிரி செட்டுக்கு வெளியிலிருந்து முழுப் பெட்டி வாங்குவது வீண். பழைய பெட்டியையே வைத்துக்கொண்டு, உள்ளே கெட்டுப்போன ஸ்பீக்கரை மட்டும் அதே ஓமில் மாற்று. பெட்டியைத் திறந்து எந்த நிற ஒயர் எதற்குப் போகிறது என்று ஃபோனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு கழற்று.

கூடவே ஒன்று. இரண்டு பக்கத்துக் கறுப்பு ஒயரையும் "ரெண்டும் எர்த்துதானே" என்று ஒன்றாகச் சேர்க்கிற பழக்கம் பழைய டேப் ரெக்கார்டர் காலத்தோடு போகட்டும். இப்போதைய ஐசிக்கள் பலவற்றில் கறுப்பும் எர்த் இல்லை, அதிலும் பாட்டு ஓடுகிறது. சேர்த்தால் புகைதான்.

"புது வீட்டில் தரை முழுக்க கிரானைட். புது ஸ்பீக்கர் வைத்தால் குகைக்குள் பாடுகிற மாதிரி இருக்கிறது. ஸ்பீக்கரை மாற்றட்டுமா?"
- வாசகி, பர்கூர்

ஸ்பீக்கர் மேல் பழி போடாதீர்கள் அம்மா. நம் மாவட்டத்தில் கல்லுக்குப் பஞ்சமில்லை, அதுதான் விஷயம். உட்காரும் இடத்துக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு கனமான ஜமுக்காளம் விரியுங்கள், ஜன்னலுக்குத் துணித் திரை போடுங்கள். பெட்டி மூலையில் இருந்தால் ஒரு முழம் வெளியே இழுங்கள். தளம் போட்டு மிஞ்சிய கிரானைட் துண்டு கிடந்தால் எறிய வேண்டாம். கீழே நான்கு ரப்பர் வில்லை ஒட்டி, பெட்டிக்கு அடியில் வையுங்கள். மர ஸ்டாண்டு கூடவே சேர்ந்து அதிர்வது அடங்கும்.

"இரண்டு பெட்டியும் புதுசு. தனித்தனியாகக் கேட்டால் பாஸ் நன்றாக வருகிறது. இரண்டும் சேர்ந்து ஓடினால் பாஸ் காணாமல் போகிறது. என்ன மாயம்?"
- வாசகர், பென்னாகரம்

ஒரு பெட்டியில் சிவப்பும் கறுப்பும் மாறியிருக்கிறது. ஒரு கோன் வெளியே வரும்போது இன்னொன்று உள்ளே போகிறது. ஒருவர் தள்ளுகிற காற்றை மற்றவர் இழுத்துக்கொள்கிறார். ஏதாவது ஒரு பெட்டியின் ஒயரை மட்டும் மாற்றிச் சொருகுங்கள், பாஸ் வந்துவிடும். ஒயரில் நிறமே இல்லை என்றால், செட்டிலிருந்து கழற்றிய பெட்டியின் இரு முனையிலும் சாதாரண 1.5 வோல்ட் பேட்டரியைத் தொட்டு எடுங்கள். ஊஃபர் கோன் வெளியே துள்ளினால் பேட்டரியின் மொட்டுப் பக்கம் தொட்ட முனைதான் பிளஸ். அதில் நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வையுங்கள். தொட்டு எடுங்கள் என்றுதான் சொன்னேன், பிடித்துக்கொண்டே நிற்க வேண்டாம், காயில் சூடாகிவிடும்.